நல்ல தண்ணீர்

1957 மார்ச் 7, வியாழன்

நீண்ட ஜெபத்துக்குப் பின் இன்று ஒரு மாபெரும் முடிவெடுத்தேன்: ஆப்பிரிக்காவுக்கான தொப்பியை வட்டகொடையில் வாங்கக் கூடாது, ஹட்டனில்தான் வாங்க வேண்டும்.

ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போக ஐந்து வருடமாகப் பயந்தேன். சிங்கம், காய்ச்சல், கப்பல் எல்லாமே பயம். போன ஞாயிறு பாதிரியார் ஆள் கேட்டபோது கையைத் தூக்கிவிட்டேன். பயம் போய்ச் சந்தேகம் வந்தது. சுவிசேஷம் சொல்லப் போகிறவனிடம், அங்கே தண்ணீர் நன்றாக இருக்கும் என்று அவர் எதற்கு மூன்று முறை சொன்னார்?

“நல்ல தண்ணின்னு சொல்லித்தாங்க ஆள் புடிக்க வந்த கங்காணி எங்க தாத்தாவையும் இந்தத் தேயிலத் தோட்டத்துக்குக் கூட்டியாந்தாரு,” என்றாள் என் மனைவி மேரி. “அவரு ஊருக்குத் திரும்பவே இல்ல.”

“இது கர்த்தர் கூப்பிடுறது, மேரி.”

“கங்காணியும் கூப்பிடத்தான் செஞ்சாரு.”

மறுபடி பயம் வருமுன் ஆபீசுக்குப் போய், தோட்டப் பள்ளிக்கூட வேலையையும் அதோடு கிடைத்த வீட்டையும் விடுவதாக எழுதிக் கொடுத்தேன். பத்து வருடம் என்னை நிற்க வைத்தே பேசிய கிளாக்கர் ஐயா நாற்காலியைக் காட்டினார்.

“உக்காருங்க மாஸ்டர். எப்ப கெளம்புறீங்க?”

கப்பல் எப்போது என்று பாதிரியாருக்கே தெரியாது.

சாயங்காலம் கிளாக்கரின் மைத்துனர், புது மாஸ்டராம், மனைவியோடு வந்து எங்கள் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுத்துப் போனார்.