நகமில்லாத சிங்கக்கால்

கூட்டாளி,

சென்ற வாரம் என் பட்டறைக்கு ஒரு நாற்காலி வந்தது. கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை ஓட்டலாக மாற்றுகிறார்களாம். மாடியில் தூசிக்குள் கிடந்ததை ஒரு பெண் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாள். முன்னங்கால் ஒன்று ஆடியது. நான்கு காலும் சிங்கப் பாதம், கறுத்துப்போன தேக்கு. கவிழ்த்து மேசைமேல் வைத்து, பாதத்தின் அடியைத் துணியால் துடைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு விரலுக்கும் கூரிய நகம். அடியிலோ நகத்தின் அடையாளமே இல்லை. நான்கு விரல் மெத்தை, பின்னால் ஒரு பெரிய மெத்தை, அவ்வளவுதான். நாற்காலி தரையில் நிற்கும்வரை எவன் கண்ணிலும் படாத இடம் அது. அங்கேயும் உட்கார்ந்து செதுக்குகிற கிறுக்கன் இந்த ஊரில் ஒருவன்தான்.

"இது நான் செஞ்சது" என்றேன்.

"அப்படியா தாத்தா? எந்த வருஷம்?"

"என் கூட்டாளி ஆப்பிரிக்கா போனதுக்கு அப்புறம்."

அவள் சிரித்தாள். எனக்கு வருடக்கணக்கு அப்படித்தான் வரும், என்ன செய்ய? நீ போனதற்கு முன், நீ போனதற்குப் பின்.

உனக்குத் தோள் போனது பிரெஞ்சுக்கொடி இறங்கிய மறு வருடம். கட்டுமரம் அலையில் புரண்டு வலது தோளில் விழுந்தது. எலும்பு கூடியது, ஆனால் கை தலைக்கு மேலே எழவில்லை. துடுப்புப் போட முடியாது, வலை இழுக்க முடியாது. குருசுக்குப்பத்தில் அப்படிப்பட்டவனுக்கு என்ன வேலை? உன்னைக் கரையில் நிறுத்தினார்கள். நீ விடியலில் மணல்மேட்டில் நின்று கடலைப் பார்ப்பாய். எங்கே தண்ணீர் நிறம் மாறுகிறது, எங்கே பறவை தாழ்கிறது என்று கண்டுபிடித்து இடது கையால் துண்டை வீசுவாய். நீ காட்டிய பக்கம் கட்டுமரங்கள் திரும்பும். மீன் அங்கே இருக்கும். இருந்தும், "சும்மா நிக்கிறவன்" என்றுதான் உனக்குப் பெயர். அதைக் கேட்டு உன்னைவிட எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. ஐந்தாம் வகுப்புவரை நாம் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு நீ கடலுக்குப் போனாய், நான் மாதாகோயில் சாமியார்களிடம் பிரெஞ்சு படித்துவிட்டு அப்பாவின் உளியைப் பிடித்தேன்.

அப்போது வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. எனக்கு மரப்பெட்டி அடிக்கும் வேலை ஓயவில்லை. அப்படித்தான் நாம் முசே என்று கூப்பிட்ட அந்தத் துரை அறிமுகமானார். ஓய்வுபெற்ற அதிகாரி. ஆப்பிரிக்காவில் சாரி ஆற்றங்கரைப் புல்வெளியில் முகாம் போட்டு, மிருகம் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போகும் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னார். சமையல்கட்டில் பாத்திரம் கழுவ ஊரிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் உன் பெயரைச் சொன்னேன். வந்த நீ என்ன சொன்னாய் தெரியுமா? மறந்திருக்க மாட்டாய்.

"பாத்தரம் கழுவ ஆப்பிரிக்கா போவணுமா? எங்க ஊட்லயே மலையா கெடக்குது. தடம் பாக்குற ஆளு வேல இருக்குதான்னு கேளுடா."

நான் பயந்துகொண்டேதான் கேட்டேன். முசே சிரிக்கவில்லை. யானை பார்த்திருக்கிறானா என்று கேட்டார். கோயில் யானை பார்த்திருக்கிறான் என்றேன். அப்போதுதான் சிரித்தார். தை மாதம் கப்பல், அதற்கு முன் சோதித்துப் பார்ப்பேன், தேறினால் தடம் பார்ப்பவன், தேறாவிட்டால் பாத்திரம் என்று முடித்துவிட்டார். நமக்கு ஐந்து மாதம் இருந்தது.

பழுதுபார்க்க வந்த ஒரு மேசையின் இழுப்பறைக்குள் மிருகப் படப் புத்தகம் ஒன்று கிடைத்தது அந்தோணியார் புண்ணியம் என்று என் அம்மா சொன்னாள். உன் அம்மா அங்காளம்மன் என்றாள். யாராக இருந்தாலும் நல்ல நேரத்தில் கொடுத்தார்கள். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். ஒட்டகச்சிவிங்கி எவ்வளவு உயரம் என்றால் என் பட்டறைக்கு எதிர்வீட்டு மாடி ஜன்னலில் தலையை நீட்டிக் காப்பி கேட்கும் உயரம். காட்டெருமையின் முதுகில் ஒரு குருவி உட்கார்ந்து உண்ணி பொறுக்கும், அது கத்திக்கொண்டு எழும்பினால் எருமைக்கு ஆள் வந்தது தெரிந்துவிடும் என்று படித்தபோது நீ கண்ணைத் திறந்தாய். "அப்ப எருமைய அப்புறம் பாரு, குருவிய மொதல்ல பாரு. கடல்லயும் அதான" என்றாய். புத்தகம் எழுதியவனுக்குக்கூட அது அவ்வளவு சுருக்கமாகத் தெரிந்திருக்காது.

படத்தைப் பார்த்தால் போதாது, தடத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்குத்தான் பூவரச மரத்தில் அச்சு செய்தேன். யானை, காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி, கழுதைப்புலி, சிங்கம். புத்தகத்தில் சிலவற்றுக்குத் தடத்தின் படம் இருந்தது, அளவும் போட்டிருந்தது. சிங்கத்துக்கு அளவு மட்டும்தான் இருந்தது. எனக்குப் படம் எதற்கு? ஊரில் பாதி நாற்காலிக்கும் அலமாரிக்கும் சிங்கக்கால் செதுக்கியவன் நான். நான்கு விரல், நான்கு நகம், அழுத்தமாக. எட்டு நாள் உழைத்தேன். அப்போது கடற்கரையில் அகலமான மணல் இருந்தது. அலை விட்டுப்போன ஈரத்தில் விடியலில் அச்சைப் பதிப்பேன், நீ வந்து சொல்வாய். மீன்காரப் பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "ஐயே, நம்ம கரையில யான வந்துட்டு போயிருக்குதுடி!" என்று ஒருத்தி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

ஒருநாள் நீ சிங்கத் தடத்தின் அருகே குந்தி, அதன் ஓரத்தை விரலால் தடவினாய்.

"இது தப்புடா" என்றாய்.

"எது?"

"நகம். மீன் ஏலம் போடுற எடத்துல பூன நடந்து போச்சு, பாத்தேன். ஈர மண்ணுல நகமே வுழல, உள்ள இழுத்துக்கிட்டுதான் நடக்குது. நாய்க்குதான் வுழுது. சிங்கம் பூன சாதின்னு நீதான படிச்ச?"

"சிங்கக்கால் செதுக்குறவன்கிட்டயே சிங்கத்தப் பத்திப் பேசுறியா?"

"நீ செதுக்குனது நாக்காலிடா. அது எங்க நடந்துச்சு?"

எனக்குச் சுரீர் என்று ஏறிவிட்டது. அச்சுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் உன் முகத்தில் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் நீயே வந்து, வாசலில் நின்றபடி, "சரி வுடு, உன் சிங்கம் அப்டியே இருக்கட்டும்" என்றாய். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். முட்டாளுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

தடம் பார்ப்பது பாதி வேலை, ஆட்களைக் கூட்டிப்போவது மீதி என்று முசே சொல்லியிருந்தார். அதற்கு நான்தான் விருந்தாளி ஆனேன். அரியாங்குப்பம் ஆற்றோரம் கொக்குகள் மேய்கிற இடத்துக்கு, முசே கொடுத்த பழைய தொப்பியோடு என்னை அழைத்துப் போவாய். கொக்கு பறக்காமல் முப்பது அடிக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதுதான் பாடம். காற்று முகத்தில் படும்படி போக வேண்டும் என்பதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. நான் வேண்டுமென்றே இருமுவேன், கொசுவை அடிப்பேன், "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று நச்சரிப்பேன். நீ கோபப்படாமல் உள்ளங்கையைத் தாழ்த்தி, நான் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில், "ந பூழே பா" என்பாய். அசையாதீர்கள் என்று அர்த்தம். அந்தக் குரலில் நான் உண்மையிலேயே அசையாமல் நின்றுவிடுவேன். இத்தனை நாளாகத் துண்டை வீசி முப்பது கட்டுமரங்களைத் திருப்பியவன் குரல் அல்லவா?

சோதனை நாள் வந்தது. முசே புத்தகமெல்லாம் வேண்டாம், அச்சுகளைக் கொடு என்றார். நம்மைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அவரே மணலில் பதித்தார். நீ தமிழில் சொல்ல வேண்டும், நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். யானை. சரி. ஒட்டகச்சிவிங்கி. சரி. காட்டெருமை. எந்தப் பக்கம் போகிறது என்றுகூடச் சொன்னாய். கழுதைப்புலி. முசே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். எனக்கு மார்பு விம்மியது. கடைசியாக என் சிங்கம்.

நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இது சிங்கம் இல்ல. இப்பிடி ஒரு மிருகமே இல்ல. பாதம் சிங்கத்துது, நகம் நாக்காலியுது. அப்டியே சொல்லு."

எனக்கு வியர்த்துவிட்டது. கூட்டாளி, இதுவரை உன்னிடம் இதைப் பேசியதில்லை. நீ தோற்றுவிட்டாய் என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிப் பாத்திரத்துக்குப் போகப் போகிறாய், நான்தான் உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள்ளே இன்னொன்றும் இருந்தது. என் உளியைப் பற்றிய அந்தச் சொல் என் வாயிலிருந்தே வர எனக்கு மனமில்லை. முசேயைப் பார்த்து, "சிங்கம் என்கிறான்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

முசேயின் முகம் வாடியது. குறிப்பேட்டை மூடப் போனார்.

மிருகங்களின் பிரெஞ்சுப் பெயரையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பொய் உனக்குப் புரிந்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ குனிந்து அச்சை எடுத்தாய். மடியிலிருந்து கத்தியை எடுத்தாய். வலது கையால் அச்சை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் நான்கு நகத்தையும் ஒவ்வொன்றாகச் சீவி எறிந்தாய். எட்டு நாள் வேலை மணலில் சிதறியது. முன்பு பதிந்த தடத்துக்குப் பக்கத்திலேயே அச்சை வைத்துக் காலால் மிதித்து அழுத்தினாய். பழைய தடத்தைக் காட்டி, "பா லியோன்" என்றாய். சிங்கமில்லை. புதியதைக் காட்டி, "லியோன்."

முசே தொப்பியைக் கழற்றினார். அந்தத் தப்பு அவருக்கு அச்சைக் கையில் வாங்கியபோதே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அதைக் கடைசியாக வைத்திருந்தார். எவன் செய்தது இது என்று கேட்டார். நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என் தோளில் கைபோட்டு, மொழிபெயர்க்க வேண்டியில்லாத சத்தத்தில் சொன்னாய்.

"எங்காளு. இவன மாதிரி கைகாரன் இந்த ஊர்லயே இல்ல."

தை மாதம் கப்பலேறினாய். தடம் பார்ப்பவனாக. குருசுக்குப்பமே கரையில் நின்றது. அன்று துண்டை வீசியவர்கள் அவர்கள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரு தாளை நிஜச் சிங்கத்தின் தடத்துமேல் விரித்து, அதன் ஓரத்தைப் பென்சிலால் அழுத்தி வரைந்திருந்தாய். செம்மண் ஒட்டியிருந்தது. நகம் இல்லை. என் அச்சை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். விரலுக்கு விரல் பொருந்தியது. பட்டறையில் தனியாக இருந்தேன், ஓவென்று அழுதேன். அதற்குப் பிறகு செய்த ஒவ்வொரு சிங்கக்காலுக்கும், வாங்குகிறவர்களுக்காக மேலே நகம் வைத்தேன். அடியில் உன் தடத்தை வைத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் நீ ஊர் திரும்பினாய். யார் யாரோ உன்னைச் சுற்றி உட்கார்ந்து சிங்கக் கதை கேட்டார்கள். எப்படித் தேறினாய் என்று ஒருவர் கேட்டபோது நான் எழுந்து போகப் பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பாமலே, "எங்காளு சொல்லிக் குடுத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டாய். கண் மூடும்வரை அதே பதில்தான். என் பொய்யை நீயும் ஒரு நகம்போல உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு நடந்தாய்.

நாற்காலிக் காலைச் சரிசெய்து கொடுத்தேன். அந்தப் பெண் அடிப்பாதத்தைத் தடவிப் பார்த்து, "மேல நகம் இருக்கு, கீழ இல்லையே. மறந்துட்டீங்களா தாத்தா?" என்று கேட்டாள். அறுபது வருடத்தில் அதைக் கண்டு கேட்ட முதல் ஆள். உட்காரச் சொன்னேன். சாக்கிலிருந்து உன் கத்தி பட்ட அச்சை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நான்தாம்மா தப்பா செதுக்கினேன்" என்று ஆரம்பித்தேன். "ஒருத்தன் திருத்தினான்."

முசேயிடம் நான் சொன்ன பொய்யையும் சேர்த்து, எதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன்.