சான் மரினோவும் உங்கள் ஜவுளிக்கடையும்

பாய்,

இன்று காலை டீக்கடைத் தொலைக்காட்சியில் கால்பந்துச் செய்தி ஓடியது. சான் மரினோ வென்றதாம். கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சங்கராபுரத்தில் அந்தப் பெயரை என்னிடம் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன.

உங்கள் கடை வாசலில் நான் தையல் மிஷின் போட்டிருந்த காலம். வியாபாரமில்லாத மதியங்களில் தபால்தலை ஆல்பத்தைத் திறந்து, மலையுச்சியில் மூன்று கோபுரங்கள் நிற்கும் சான் மரினோ தபால்தலை ஒன்றைக் காட்டுவீர்கள்.

"சுத்தியும் இத்தாலி. நம்ம தாலுக்காவுல ஒரு மூலைக்குக்கூட வராது. பல நூறு வருசமா தனி நாடாவே இருந்துக்கினு இருக்குது. எடம் தரேன், நாட்ட பெருசாக்கிக்கங்கன்னு ஒரு தளபதி சொன்னாராம். வேணாம்னுட்டாங்க. பெரிய யுத்தத்துல அவங்க ஜனத்தவிட ஜாஸ்தியா அகதிங்க வந்தாங்க. அத்தினி பேரையும் உள்ள வுட்டாங்க."

"அதெல்லாம் நமக்கு இன்னாத்துக்கு பாய்?" என்று சிரிப்பேன்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடம் அது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து ஒருவர், காய்ச்சலில் கிடந்த மனைவியை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வண்டிக்கு வழிசெய்ய, கடைத்தெரு முனையில் கிடந்த கிளையை அவர் இழுத்துப் போட, மறியல் கூட்டம் துரத்தியது. மனைவியைத் தூக்கிக்கொண்டு நம் கடைக்குள் ஓடிவந்தார். நான் ஷட்டரை இழுக்கப் போனேன்.

"மூடாத," என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றீர்கள்.

"பாய், உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவன வெளிய அனுப்புங்க," என்று ஒருவன் கத்தினான்.

"நீங்க கேக்கறது நாயம்தாம்பா. அதுக்கு நான் குறுக்க வரல. ஆனா உள்ள வந்துட்டவங்கள அனுப்ப மாட்டேன்."

கல் ஒன்று பறந்து வந்து கண்ணாடி அலமாரியை உடைத்தது. நீங்கள் நகரவில்லை. கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். புடவைக் கட்டுகளின்மேல் அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

"இன்னாடா பண்றீங்க? பொம்பளைக்கு ஜொரம் கொதிக்குது!" என்று தம் ஆட்களையே அதட்டினார். அவர்களே மரத்தைப் புரட்டி வண்டிக்கு வழிவிட்டார்கள். அவள் பிழைத்தாள்.

எல்லோரும் போனபின் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டீர்கள். தண்ணீர் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டீர்கள்.

"பயந்துட்டீங்களா பாய்?"

"பயம் இல்லாமலா? அந்த நாட்டுக்காரங்களுக்கும் இருந்திருக்கும்."

பல வருடம் கழித்து, என் மகள் தனக்குப் பிடித்தவனைக் கைப்பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். பின்னாலேயே, அவனை வெளியே அனுப்பச் சொல்லி உறவுக்காரர்கள் திரண்டு வந்தார்கள். நான் வாசலில் போய் நின்றேன். எனக்கும் பயம் இருந்தது. நகரவில்லை, பாய்.