என் கட்டுரையும் பேராசிரியர் பெயரும்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கண்டக்குழியில் காற்று கூடிவிட்டதாக உம்மா சொன்னார். முழங்கால் வலியோடு கடலுக்குப் போகாதீர்கள். நான் சுகமாக இருக்கிறேன்.

இங்கே மலேசியாவில் ஒரு சின்னக் கரைச்சல், முடிந்துவிட்டது. நீங்கள் இரண்டு வருடமாகக் களப்புத் தண்ணீரில் இறங்கி எடுத்துத் தந்த கடற்புல் அளவுகளை வைத்து எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். இன்னொருவரின் கட்டுரையை நான் திருடிவிட்டதாகப் பதில் வந்தது. அந்த இன்னொருவர் என் பேராசிரியர், நம் நாட்டுக்காரர். திருத்தித் தரும்படி நான் கொடுத்த பிரதியை அதே இதழில் தன் பெயரில் வெளியிட்டிருந்தார். கேட்டபோது, "நன்றி சொல்ற இடத்தில உம்மட பேர் இருக்குதானே" என்றார்.

நீங்கள் கைப்பட அளவுகளைக் குறித்த கொப்பிகளைக் காட்டி இதழுக்கு முறையிட்டேன். அவருடைய கட்டுரையை நீக்கினார்கள். தகராறில் உள்ளதென்று என்னுடையதையும் ஏற்கவில்லை.

"உமக்கும் இல்ல, எனக்கும் இல்ல. இப்ப சந்தோஷமோ?" என்று பேராசிரியர் கேட்டார். அடுத்த வருடமும் அவரிடம்தான் படிக்க வேண்டும்.

ரிஃபாஸ் நானா லீவு முடிந்து இங்கே திரும்பும்போது கொஞ்சம் சீலாக் கருவாடு கொடுத்துவிடுங்கள். தனியாகச் சமைத்தால் எதுவும் இறங்குவதில்லை.

வகுப்புக்கு நேரமாகிறது. கட்டுரையில் உங்கள் பெயர் வருமென்று பள்ளிவாசலில் சொல்லியிருப்பீர்கள். யாராவது கேட்டால், இன்னும் அச்சாகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
பஹ்மிதா