புளி போட்டுத் துலக்கிய குகை

ஊருக்கெல்லாம் விதானையாராக இருந்துவிட்டு, என் வாசலில் மட்டும் வெறும் அண்ணனாக நுழைந்த என் அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் கண்மூடி, உங்கள் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்து ஒன்பது நாளாகிறது. வீட்டில் எல்லாரும் சுகம். அரிசி இன்னும் கூப்பனுக்குத்தான். நெல் விளைகிற ஊரில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கிறோம், யுத்தம் யாரை விட்டது? வாவிக்கு மேலே ஆகாயக் கப்பல் போனால் உங்கள் எருமைகள் இப்போதும் வெருண்டு ஓடுகின்றன.

இதைச் சொல்லவா கடிதம் எழுத உட்கார்ந்தேன்? இல்லை அண்ணன். நான் உங்களுக்கு ஒரு துரோகம் செய்திருக்கிறேன். ஆறு வருடமாக அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

மாங்கேணிக்கு மேற்கே காட்டில், தவறிப்போன எருமையைத் தேடிப் போய் அந்தக் குகையைக் கண்டவர் நீங்கள். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஐந்து பேர் குந்தியிருக்கலாம், அவ்வளவுதான் இடம். முகட்டிலிருந்து எருமைக் காம்பு மாதிரிக் கல் தொங்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி தண்ணீர். பின்சுவர் முழுக்கக் கற்கண்டுக் கட்டியாகப் படிகம். உச்சிப் பொழுதில் வெயில் வாசலால் விழுந்து அந்தச் சுவரைத் தொடும்போது என்ன அழகு! ஒருமுறை என்னைக் கூட்டிப் போய்க் காட்டினீர்கள். நான் பேச்சு மறந்து இருந்தேன். "உன்ர வாய அடைக்க ஒரு மலையே வேண்டிக் கிடந்திச்சு" என்று சிரித்தீர்கள்.

ஊரார் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் எதிர்த்துப் பேசவில்லை, ஏனென்றால் சொன்னது நீங்கள். வயல்வட்டையில் யாருடைய வயலுக்கு முதல் தண்ணீர், யாருடைய வரம்பு எதுவரை என்று விதானையார் சொன்னால் சொன்னதுதான். அரசாங்கக் கச்சேரியில் நீங்கள் சொல்லிவைத்த செய்தி எப்படியோ கொழும்புக்குப் போய், கற்களை ஆராய்கிற துரை ஒருவர் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. அன்று நீங்கள் நடந்த நடையை இன்னும் மறக்கவில்லை. பத்து வயது குறைந்த நடை அது.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சுவரில் வௌவால் எச்சமும் மண் கறையும் இருந்ததை அன்றே பார்த்திருந்தேன். துரை வருகிற இடம் இப்படியா இருப்பது? அவர் வருவதற்கு முதல் நாள் காலையில் விறகுக்குப் போன பெண்களோடு போனேன். அவர்கள் விறகு பொறுக்குகிற நேரத்தில் நான் புளியும் தேசிக்காயும் சாம்பலும் தென்னந்தும்பும் எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தேன். குத்துவிளக்குத் துலக்குகிற கைதானே அண்ணன், வேறென்ன தெரியும் அதற்கு? தேய்க்கத் தேய்க்கச் சுவர் நுரைத்தது. அழுக்குக் கழல்கிறது என்று சந்தோஷப்பட்டேன். தொங்குகிற கல்லையும் விடவில்லை. கை சோரும்வரை தேய்த்துக் கழுவிவிட்டு, ஈரத்தில் எல்லாம் மின்னுவதைப் பார்த்துப் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் எல்லாம் காய்ந்திருந்தது. வெயில் வந்து சுவரில் விழுந்தது, சுவர் ஒன்றும் செய்யவில்லை. என் புளிப்பு அரித்த படிகம் சுண்ணாம்பு அடித்த மதில் போல வெளுத்துக் கிடந்தது. துரை விரலால் தடவிப் பார்த்து, சாதாரணச் சுண்ணாம்புக்கல் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே தவழ்ந்தார். நான் வாசலில் இளநீரோடு நின்றிருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை.

அந்நிய மனிதர் முன்னால் எப்படிச் சொல்வது என்று அன்று வெட்கம். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் ஊர் சிரிக்கத் தொடங்கியிருந்தது, அதன் பிறகு பயம். நாள் போகப் போகப் பொய்க்கு வேர் விடும் என்பார்களே, எனக்கு ஆணிவேரே விட்டது.

அடுத்த போகம் ஒரு வரம்புச் சண்டையில் உங்கள் முகத்துக்கு நேரே ஒருவன் கேட்டான்: "கல்லப் படிகமாக் கண்டவர்ர கண்ணுக்கு வரம்பு மட்டும் நேராத் தெரியுமா?" கூட்டம் சிரித்ததாம். நீங்கள் எழுந்து வந்து, அந்த வாரமே விதானை வேலையை விட்டுவிட்டீர்கள். உங்கள் கண்ணையே நீங்கள் சந்தேகித்துவிட்டீர்கள் என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பே என்னைத் தின்றது.

இனித்தான் புதுச் செய்தி. உங்கள் முப்பத்தொன்றுக்கு ஓட்டமாவடியிலிருந்து இஸ்மாயில் காக்கா வந்தார், அன்று துரையை வண்டியில் ஏற்றி வந்தவர். சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"துரை உள்ள வாறதுக்கு முதல் விதானையார் குனிஞ்சி ரெண்டு புளியங்கொட்டையப் பொறுக்கி மடியில வெச்சார், தங்கச்சி. 'வாய் தொறக்காத காக்கா, நம்மட புள்ள ஆசையில செஞ்சிட்டாள்' எண்டார். மறுகா அந்தக் கதையே எடுக்கல்ல."

அண்ணன், உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா? எல்லாம் தெரிந்துகொண்டுதானா அந்தச் சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டீர்கள்? உங்கள் சொல்தானே உங்கள் சொத்து. அதையா எனக்காகக் கொடுத்தீர்கள்? இடைக்கிடை வந்து குந்திக்கொண்டு, "என்ன புள்ள, ஏதும் சொல்ல இரிக்கா?" என்று கேட்பீர்களே, அது இதற்குத்தானா? ஒவ்வொரு முறையும் "ஒண்டுமில்ல" என்றேன். நான் ஒரு பாவி.

போன கிழமை குகைக்குப் போனேன். சுவர் அப்படியேதான் வெளுத்துக் கிடக்கிறது. கல்லின் நுனியில் தண்ணீர் மட்டும் சொட்டுகிறது. அது திரும்ப வளருமோ, எத்தனை தலைமுறை ஆகுமோ, எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. நான் ஒன்றையும் தொடாமல் வந்துவிட்டேன்.

விதைப்புக்கு நாள் குறிக்கிற கூட்டம் அடுத்த மாதம். பெண்கள் போகிற கூட்டமில்லை, தெரியும். நான் போவேன். உங்களைக் கேலி செய்தவன் முன்வரிசையில் குந்தியிருப்பான். அவன் முகத்தைப் பார்த்தே சொல்லுவேன்: விதானையார் கண்டது படிகம்தான், அதைக் கெடுத்தவள் நான், அது அவருக்கும் தெரியும். இனிச் சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

உங்கள் பெயரைக் கெடுத்த கூடப்பிறந்தவள்,
தங்கச்சி வள்ளியம்மை