“தூங்க வச்சி அனுப்பணும்” என்றீர்கள், அக்கா

அக்கா,

இன்று காலை கம்பெனி வாசலில் கால் துடைப்பதற்காக ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டிருந்தார்கள். மழைச் சேறு உள்ளே வரக் கூடாதாம். அதை மிதித்ததும் எழுந்த சணல் நெடியில் உங்கள் கோட்டைக்குப்பத்து வீட்டின் பின்புறம் அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது. உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

உங்களை முதலில் பார்த்தது சப்ளையர் கூட்டத்தில். பழவேற்காட்டில் வாங்கி, உயிரோடு வெளிநாட்டுக்கு நாங்கள் அனுப்பும் சேற்று நண்டுகள் விமானம் ஏறும் முன்பே செத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் பெரிய படிப்புக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சரக்கு தருகிறவர்களையே கேட்போம், புது யோசனை அவர்களிடம்தான் இருக்கும் என்றார் மேனேஜர். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து உட்கார வைத்தோம். சுண்ணாம்புக்குளத்து ஆட்கள் ரோட்டைக் குறை சொன்னார்கள், இன்னொருவர் டிரைவரைக் குறை சொன்னார். கடைசி வரிசையில் இருந்த ஒரே பெண் நீங்கள்.

“நண்டு வண்டியில சாவல சார். பயத்துல சாவுது. கொஞ்ச நேரம் தூங்க வச்சி அனுப்பணும்” என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். தாலாட்டுப் பாட வேண்டுமா என்று மேனேஜர் கேட்டார். நானும் சிரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆனாலும் நண்டு வாங்கும் பொறுப்பு என் தலையில். வேறு வழி தெரியாமல் மறுநாளே பழவேற்காட்டு ஏரியோரம் இருக்கும் உங்கள் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

கொடுக்கு கட்டிய நண்டுகளை வேப்ப மர நிழலில் பரப்பி, ஏரித் தண்ணீரில் நனைத்த சாக்கைப் போர்த்தினீர்கள். பக்கத்தில் யாரும் நடக்கக் கூடாது, தொடக் கூடாது என்றீர்கள். நான் ஆர்வக்கோளாறில் சாக்கைத் தூக்கப் போக, கையைத் தட்டிவிட்டீர்கள். “கொயந்த தூங்கும்போது துணிய இஸ்து பாப்பியா?” என்று கேட்டுவிட்டு, அவசரமாக “சார்” என்று சேர்த்துக்கொண்டீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. வாயில் நுரை கக்குவது நின்றால் நண்டு தூங்கிவிட்டது என்று அர்த்தம், அப்புறம்தான் கூடையில் அடுக்க வேண்டும் என்று காட்டினீர்கள். அந்த வாரம் உங்கள் கூடையில் ஒரு நண்டுகூடச் சாகவில்லை.

என் தவறு அதற்குப் பிறகுதான். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தூங்க வைப்பது என்று எழுதினால் மறுபடி சிரிப்பார்கள். படித்தவன் இல்லையா, நிழலும் ஈரமும் குளிர்ச்சிதானே என்று, குளிரூட்டி மயக்க நிலைக்குக் கொண்டுவருவது என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன். சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது கௌரவமாக இருக்காது என்று பட்டது. மேலே இருந்தவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சப்ளையரிடமிருந்து வந்த புதுமை என்று கைதட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. கூடவே விதியும் வந்தது: குளிரறை இல்லாதவரிடம் நண்டு வாங்கக் கூடாது.

உங்களுக்கு ஏது குளிரறை. கூடைகளோடு கம்பெனி வாசலில் வந்து நின்றீர்கள். உங்களை நம்பி நண்டு கொடுக்கும் எட்டுப் படகுக்காரர்களுக்கும் என்ன பதில் சொல்வது என்ற கவலைதான் உங்கள் முகத்தில் இருந்தது. சரக்கைத் திருப்பி அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். நீங்கள் சத்தம் போடவில்லை.

“இன்னா சார் இது, நான் சொன்னதுதான? நான் எங்க சார் ஐஸ் கேட்டேன்?”

மேலே பேசிப் பார்க்கிறேன் என்றேன். பேசவில்லை, அக்கா. பேசினால் என் அறிக்கை தப்பு என்று ஆகிவிடும். அடுத்த மாதம் நீங்கள் போன் செய்து கேட்டபோது, பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அப்புறம் நீங்கள் போன் செய்யவில்லை. எப்போதோ விட்ட வேலைக்கே திரும்பி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் ஏரியிலேயே மயங்கி விழுந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நெஞ்சுவலி என்றார்கள். என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை. துக்கம் கேட்கப் போன எனக்கு உங்கள் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு, சாரே வந்துவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னார். அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்று மறுபடியும் சப்ளையர் கூட்டம் நடந்தது. இப்போது நண்டுகள் குளிரறையிலேயே விறைத்துச் சாகின்றன. “உங்களுக்குத் தெரியாததா, ஏதாவது யோசனை சொல்லுங்கள்” என்று புது மேனேஜர் வந்தவர்களைக் கேட்டார். எல்லோரும் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஒருவர் மட்டும், “சொன்னா அதையே எங்க மேல ரூலா போடுவீங்க சார்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மேனேஜரும் என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும், சொல்லியிருக்கலாம். நான் தண்ணீர் குடித்தேன்.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. சப்ளையர்களிடமிருந்து யோசனை எதுவும் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது, அக்கா.