வண்டி நின்றது, அப்பா நிற்கவில்லை

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சிட்டுவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதியது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து கத்துவாய், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து வண்டி என் கைக்கு வந்துவிட்டது, உனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை தையல் பிரிக்க அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சீட் பெல்ட் போட்டால் தையலில் அழுத்தும், பத்து நிமிஷ தூரம்தானே, உருட்டிக்கொண்டே போகிறேன், வேண்டாம் விடுங்கள் என்று சொன்னது நான்தான், அவர் இல்லை. மருந்துக்கடை முனையில் முன்னால் போன பால்வேன் சட்டென்று நின்றது, நானும் பிரேக்கை மிதித்தேன். வேகம் காட்டும் முள் இருபதைக்கூடத் தொடவில்லை. வண்டி நின்றுவிட்டது, அப்பா நிற்கவில்லை, அப்படியே போய் டேஷ்போர்டில் வயிற்றை இடித்துக்கொண்டார். தையல் பிரிக்கப் போன இடத்தில் புதிதாக மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்தோம். இப்போது ஆறி வருகிறது, பயப்படாதே, அதிகாரம் பண்ணுவதில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "முப்பது வருஷமா பிசிக்ஸ் டீச்சர், வண்டிய நிறுத்தத் தெரியுது, புருஷன நிறுத்தத் தெரியலயே" என்றார். நர்ஸ் எல்லாம் சிரித்தார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஓடும் பேருந்து திடீரென்று நின்றால் பயணி ஏன் முன்னால் சாய்கிறார், இரண்டு மதிப்பெண் கேள்வி. எத்தனை ஆயிரம் விடைத்தாளில் சிவப்பு மையால் சரி போட்டிருப்பேன். அந்தப் பயணி அப்பாவாக இருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வண்டிக்குள் நாம் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் படுகிறது, ஆனால் வண்டி எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் நம் உடம்பும் போய்க்கொண்டிருக்கிறது. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும், நம்மைப் பிடிக்க வேறொன்று வேண்டும்.

நேற்று நீ அனுப்பிய வீடியோவில் முன்சீட்டில் உன் மடியில் சிட்டு கைதட்டுகிறாள். அப்பா மூன்று தடவை பார்த்துச் சிரித்தார். நான் முள்ளைப் பார்த்தேன், நாற்பது. சிட்டு பதினோரு கிலோ. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த வேகத்தில் வண்டி எதிலாவது மோதி நின்றால், அவளைப் பிடித்து வைக்க நூற்றிருபது கிலோ மூட்டையைத் தூக்குகிற பலம் வேண்டும், அதுவும் கண் இமைப்பதற்குள். பின்சீட்டில் அவளுக்கென்று வாங்கிய இருக்கையில் வைத்தால் வீறிடுகிறாள், "மெதுவாத்தானே போறோம் அத்தை" என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். நானும் மெதுவாகத்தான் போனேன் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது நீயே சொல்லிவிடு.

இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்பாய். பால்வேன் நின்றபோது என் கையும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அப்பாவைப் பிடிக்கத்தான் பாய்ந்தது. தொடுவதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

அழட்டும் குட்டிம்மா, நன்றாக அழட்டும், அழுதுகொண்டே வீடு வந்து சேரட்டும். மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகு வண்டியை எடுக்கும் முன் சிட்டுவை அவள் இருக்கையில் வைத்து வாரை மாட்டிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்.

உன் அம்மா