நான்கு துணித் துண்டுகள்

மார்ச் 2

லிஃப்ட்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, அதனால் தாளை எடுத்தேன். எழுதினால் அடித்துத் திருத்தவாவது இடமிருக்கிறது. தவிர, இதோடு குத்தி அனுப்பியிருப்பதைப் போனில் அனுப்ப முடியாது.

விஷயம் இரண்டு. புதுக் கிளை இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி திறக்கிறது. முதலாளியம்மா நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். "எட்டு மாசமா ஒரு பெட்டியோட வாடகை ரூம்ல இருக்க. கிளையை நீயே நிரந்தரமா பார்த்துக்கிறதுன்னா இங்கேயே வீடு பாரு. இல்லேன்னா உன் வீட்டுக்குப் போ. இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள ஒரு பதில் சொல்லிடு" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டால் நான் அங்கே திரும்பி வர மாட்டேன். நம் இரண்டு பேருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம், திறப்பு நாளன்று நான் என்ன உடுத்துவது என்பது. சிரிக்காதீர்கள். கடைக்குச் சரக்கு எடுக்க டிசைனர்கள் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பழைய கிடங்கு ஒன்றில் வைத்திருந்தார்கள். கூரையிலிருந்து கம்பி இறக்கி, உடைகளை ஏறக்குறையத் தலைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். உயரமான ஜன்னல்களிலிருந்து வெயில் துணிகளுக்குள் புகுந்து கீழே விழுந்தது. பட்டுச் சேலையில் தைத்த நீளக் கோட்டு, வேட்டி மடிப்பு வைத்த கால்சட்டை, பாவாடையாகத் தொடங்கி முழங்காலோடு மனம் மாறிவிட்ட கவுன், அச்சுக்கட்டைப் பூ போட்ட மழைக்கோட்டு. யாருக்காகத் தைத்தவை, யார் போட்டுக்கொண்டு எங்கே போவார்கள் என்று நினைத்தபடியே இரண்டு மணி நேரம் நடந்தேன். காலில் செருப்பு இருந்ததா என்றுகூட நினைவில்லை. கவுன் ஒன்றை மேலே வைத்துப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் திரும்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். பின்னால் தீயணைப்பு வாளி தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் உங்களைப் போலவே பேசாமல் இருந்தது.

கடைசியில் நான்கு உடைகளை எடுத்து வைத்திருக்கிறேன். குங்குமப்பூ நிறம், பாசிப் பச்சை, செங்கல், காப்பிக்கொட்டை. நான்கிலும் ஓரத்துத் துணியை ஒரு துண்டு வெட்டி இத்தோடு குண்டூசியில் குத்தியிருக்கிறேன். எதை உடுத்தட்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். ஏன் என்றும் எழுதுங்கள். "எல்லாமே நல்லா இருக்கு" என்று மட்டும் வந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பால்கனிச் செடி மஞ்சள் தட்டாமல் இருக்கிறதா?

இப்படிக்கு,
பெட்டியோடு இருப்பவள்


மார்ச் 7

துணிக்கடைக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்ததும் வீட்டில் புதுத்துணி வாசனை வந்தது. எட்டு மாதத்தில் இந்த வீட்டுக்கு வந்த நல்ல வாசனை அது ஒன்றுதான். என் சமையலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே வேலை அதிகம். பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோய், உள்ளே ஒரு பாட்டு வாத்தியார் மாட்டிக்கொண்டார். நான் மேலிருந்து கம்பியைச் சரிசெய்து முடிக்கும்வரை பயத்தில் பாடிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், "எதிரொலி நல்லாத்தான் இருக்கு" என்றார். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "அவ டிரஸ் மேல கோட்டு மாதிரி போடுற அந்த ரெண்டு ஜாக்கெட்டையும் ஏன்டா இன்னும் தொங்கவிட்டிருக்க? பொட்டலம் கட்டி அவளுக்கு அனுப்ப வேண்டியதுதானே" என்றாள். அனுப்பவில்லை. தூசி மட்டும் தட்டி வைக்கிறேன். செடியை நேற்றுத் தொட்டுப் பார்த்தேன், இலை மொறமொறப்பாக இல்லை. நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான்கு துணியும் பார்த்தேன். உன் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இருக்காது. நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? உனக்கு எது போட்டாலும் அழகுதான். நான்குமே நன்றாக இருக்கின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
லிஃப்ட்காரன்


மார்ச் 11

லிஃப்ட்காரருக்கு,

சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன். உங்கள் கடிதம் இத்தோடு திரும்பி வருகிறது. பாட்டு வாத்தியார் கதைக்குச் சிரித்தேன், அதை மறுக்கவில்லை. அதற்கப்புறம் கடைசிப் பத்திக்கு வந்தேன்.

பதினோரு வருஷமாக எத்தனை கடை ஏறி இறங்கியிருப்போம்? ட்ரையல் ரூமுக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலியில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வெளியே வருவேன். உங்கள் கண் மூடியிருக்கும். விற்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் கேட்டதும் கண்ணைத் திறந்து, "நல்லா இருக்கு" என்பீர்கள். வாயைத் திறந்து இன்னொரு வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா?

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன ஜூலையை மட்டும்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நானே தேர்ந்தெடுத்த உடைகளை முதல் தடவையாக முதலாளியம்மாவுக்கும் வாங்க வந்தவர்களுக்கும் காட்டப் போகிறேன். முழு வரிசையும் பச்சை. அரை மணி நேரம் இருக்கும்போது யாரோ என் மேல் காப்பியைக் கொட்டினார்கள். உங்களுக்குப் போன் செய்து, "அலமாரியில பாட்டில் பச்சை ஜாக்கெட் இருக்கு, எடுத்துட்டு வாங்க. அரக்குச் சிவப்பு இல்ல, பச்சை" என்று இரண்டு தடவை சொன்னேன். மூச்சு வாங்க ஓடி வந்தீர்கள். கையில் சிவப்பு. அத்தனை பேர் நடுவில், "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டேன். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் தெரியுமா? "இதுவும் நல்லாத்தானே இருக்கு."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பெட்டி கட்டி, முதலாளியம்மாவின் இந்த ஊர்க் கடைக்கு வர வைத்தது. நம் சலவைக்காரருக்குக்கூட உங்கள் சட்டை ஒவ்வொன்றும் தெரியும். காலருக்கு உள்ளே எண் தைத்து அடையாளம் வைத்திருக்கிறார். உங்கள் மனதில் எனக்கு அப்படி ஓர் அடையாளமாவது உண்டா?

நேற்று ஒரு கனவு. அந்தக் கிடங்குதான், ஆனால் கூரையில்லை. உடைகள் வானத்திலிருந்து தொங்குகின்றன. நான் ஒன்றை மாற்றி ஒன்றைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன், கண்ணாடி வரவே இல்லை. நீங்கள் இருந்தீர்களா என்று தெரியவில்லை. விழித்ததும் அழுதேன்.

இருபத்தைந்தாம் தேதி முதலாளியம்மாவிடம் சரி என்று சொல்லப் போகிறேன். இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

இப்படிக்கு,
நான்


மார்ச் 16

என் அன்புக்குரியவளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இது நான்காவது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, பதினோரு வருஷமாக நான் அந்த வேலையைத்தான் செய்துவந்திருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலிருந்தே அப்படி. பழுப்பும் செங்கலும் பாசியும் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய நிறமாகத்தான் என் கண்ணுக்குத் தெரியும். காலருக்குள் எண் தைத்தது சலவைக்காரர் இல்லை, நான். மூன்றாம் எண் சட்டைக்கு மூன்றாம் எண் கால்சட்டை. கடையிலேயே விற்பவரிடம் ஜோடி கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து நீ குளிக்கும் நேரத்தில் தைத்துவிடுவேன். வேலையிலும் அப்படித்தான். உடன் வேலை செய்பவரை நிறம் படித்துச் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு வயரிலும் எண் ஒட்டிவைத்திருக்கிறேன். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். கம்பெனியில் மற்றவர்கள் என்னை ஒழுங்குக்குப் பேர்போனவன் என்கிறார்கள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? கல்யாணமான முதல் வாரம் நீ ஜன்னல் திரைத்துணி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இந்த நிறம் எப்படி இருக்கு?" என்று கேட்டாய். உன் முகத்தில் அத்தனை சந்தோஷம். "நல்லா இருக்கு" என்றேன். நீ அதை உடனே மாட்டினாய். அந்தத் திரை என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த தடவை உண்மையைச் சொன்னால் முதல் தடவை சொன்னது பொய்யாகிவிடும். அப்படியே வளர்ந்துவிட்டது. நிறத்திலேயே வாழ்கிறவளிடம் போய், எனக்கு அது தெரியாது என்று சொல்ல எனக்குப் பயம். வெட்கமும்தான்.

நாற்காலியில் நான் தூங்கவில்லை. கண்ணை மூடினால் காது நன்றாகக் கேட்கும். லிஃப்டுக்கு மேலே இருட்டில் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிறவன் நான். நீ ட்ரையல் ரூமிலிருந்து வரும்போது துணி என்ன பேசுகிறது என்று கேட்பேன். நம் மூன்றாவது கல்யாண நாளுக்கு எடுத்தாயே, கண்ணாடி வில்லை தைத்த நீளச் சட்டை, அது நீ திரும்பும்போது சில்லறை குலுங்குவதுபோல் கேட்கும். நீ பல வருஷமாகப் போடும், சேலையில் தைத்த கோட்டு நடக்கும்போது மட்டும் பேசும், நின்றால் அடங்கிவிடும். சாம்பல் நிறம் என்று நீ சொல்லும் அகலக் கால்சட்டை, மாடிப்படியில் நீ வருவதை இரண்டு மாடிக்கு முன்பே சொல்லிவிடும். நீ வாங்கிய ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. ஊமை கண்ட கனவு மாதிரி, எனக்குத்தான் வெளியே சொல்லத் தெரியவில்லை.

போன ஜூலையில் அலமாரி முன்னால் பத்து நிமிஷம் நின்றேன். இரண்டு ஜாக்கெட்டும் ஒரே டிசைனரிடம் நீ வாங்கியவை. ஒரே துணி, ஒரே வெட்டு, பொத்தான்கூட ஒன்று. முகர்ந்து பார்த்தேன், தடவிப் பார்த்தேன், உதறிக் கேட்டேன். பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்று ஓடினேன், பூட்டியிருந்தது. கடவுளே என்று ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் தப்பு என்று தெரிந்தது. அத்தனை பேர் முன்னால் எனக்கு வந்தது பழைய வார்த்தைதான். மன்னித்துவிடு.

நீ அனுப்பிய நான்கு துண்டுகளில் எது குங்குமப்பூ, எது செங்கல் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நாளாக அவற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஒன்று வழவழப்பு, கையில் நிற்காமல் ஓடுகிறது. ஒன்று கஞ்சி போட்டதுபோல் விறைப்பு. ஒன்று மிக மெல்லிசு. நான்காவதில் கைத்தறி முடிச்சுகள் விரலில் படுகின்றன, ஓரத்தில் பிசிறு இருக்கிறது, கொஞ்சம் கனம். நீ வேகமாக நடக்கிறவள். பதற்றமாக இருந்தால் இன்னும் வேகம். அந்தத் துணி உன்னோடு வரும், ஆனால் உன்னைவிட ஒரு வினாடி தாமதமாக வந்து அடங்கும். சத்தம் குறைவாக, தாழ்ந்த குரலில் இருக்கும். அன்றைக்கு எல்லோரும் உன் பேச்சைக் கேட்க வேண்டும், துணியின் பேச்சை இல்லை. அதனால் அதை உடுத்து. அந்தத் துண்டை மட்டும் இத்தோடு குத்தி அனுப்புகிறேன். என்ன நிறம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன்னைத் திரும்பி வரச்சொல்லி இதை எழுதவில்லை. அந்த வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். சரி என்று சொல். ஆனால் நான் உன்னைப் பார்க்கவே இல்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு சொல்லாதே. நீ இல்லாத வீட்டில் எனக்கு இருக்கவே பிடிக்கவில்லை.

உன்
வீட்டுக்காரன்


மார்ச் 21

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை இந்த ஊர்ப் பழைய கடையின் ட்ரையல் ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். வெளியே ஒரு அம்மா கதவைத் தட்டி, "உள்ள இருக்கிற டிரஸ் பிடிச்சிருக்கா இல்லையா, சீக்கிரம் சொல்லும்மா" என்றார். பிடித்திருக்கிறது என்று சொன்னேன். கையில் உங்கள் கடிதத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். அதற்காகப் பதினோரு வருஷமா? நான் என்ன பேயா, பூதமா? ஜன்னல் திரையின் நிறம் தெரியவில்லை என்றால் உங்களைத் தூக்கியா எறிந்திருப்பேன்? இதற்கு நேரில் இருக்கிறது உங்களுக்கு. அப்புறம் அந்தக் கண்ணாடி வில்லைச் சட்டையை நினைத்துக்கொண்டேன். அது சத்தம் போடும் என்று எனக்கே தெரியாது. எத்தனை உடை வாங்கியிருக்கிறேன், எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டேனா?

நீங்கள் அனுப்பிய துண்டு, நான் கணக்கிலேயே வைக்காத உடை. எண்ணிக்கைக்கு இருக்கட்டும் என்று நான்காவதாகச் சேர்த்தது. கடை சாத்தியபிறகு அதை உடுத்திக்கொண்டு, ஹாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணை மூடி நடந்தேன். இரண்டு ஹேங்கர் ஸ்டாண்டில் இடித்துக்கொண்டது வேறு விஷயம். நீங்கள் சொன்னது சரி. ஒரு வினாடி தாமதமாக வந்து அடங்குகிறது. திறப்பு நாளன்று அதையே உடுத்துகிறேன். என்ன நிறம் என்று எழுதப்போவதில்லை, நேரில் வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாளியம்மாவிடம் இன்று சரி என்று சொல்லிவிட்டேன். வீடும் பார்த்துவிட்டேன், இரண்டு பேருக்குப் போதும். இந்த ஊரிலும் மாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. எங்கள் கடை லிஃப்ட் வாரத்துக்கு மூன்று நாள் நின்றுபோகிறது, சரிசெய்ய வருகிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை. யோசித்துச் சொல்லுங்கள்.

புதுக் கிளையில் ட்ரையல் ரூமுக்கு வெளியே ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊசி, நூல், எண் துணிகளை மறக்காமல் எடுத்து வாருங்கள். என் உடைகளுக்கும் தைக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த உடைக்குக் கையில்லை, ஹாலில் ஏ.சி. குளிர் தாங்க முடியாது. மேலே போட்டுக்கொள்ள ஒரு ஜாக்கெட் வேண்டும். இருபத்தெட்டாம் தேதி காலை வண்டியில் வரும்போது, அலமாரியில் தொங்கும் இரண்டில் ஒன்றை எடுத்து வாருங்கள்.

எது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் கொண்டுவருவதைப் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி